கிளட்ச் கொஞ்சம் கனம்

விற்பனைக்கு.
எழுபதாம் வருடத்து டாட்ஜ் டார்ட், இரண்டு கதவு.
விற்பவர் ரோவீனா பாஜெக், டொலீடோ, ஒஹாயோ.
நிறம் ஆரஞ்சு என்பார்கள். இல்லை.
மௌமீ ஆற்றின்மேல் அக்டோபரில் ஆறு மணிக்கு
ஏழு நிமிடம் நின்று போகும் ஒரு வெளிச்சம் உண்டு,
அதை டப்பாவில் அடைத்துத் தரச் சொன்னேன்.
பெயின்ட் கடைக்காரன் மூன்றாம் முறைதான் பிடித்தான்.

வருகிறவர்கள் முதலில் குனிந்து
எஞ்சின் எண்ணைத் தேடுகிறார்கள்.
பொருந்தாது. சொல்லிவிடுகிறேன்.
கூடப் பிறந்த எஞ்சின் துருவேறி இறுகிப்போனது;
சுத்தியலால் தட்டி எடுத்த பிஸ்டன் ஒன்று
இப்போது ஷெட் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.
உள்ளே இருப்பது முந்நூற்றறுபது கன அங்குலம்,
பின்னால் அடிபட்ட பிக்கப் ஒன்றிலிருந்து வந்தது.
கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன்,
டிரம் போய் டிஸ்க்,
மூன்று கியர் போய் ஐந்து.
"அப்படியானால் இதில் டார்ட் எங்கே?" என்றார்
பெரிஸ்பர்கிலிருந்து வந்த பல் வைத்தியர்.
நல்ல கேள்வி.
என் வாயில் நாலு பல் கட்டியதுதான்,
கடிப்பது நான்தானே என்றேன்.
சிரிக்கவில்லை. போய்விட்டார்.

தரை முழுக்கப் புதிது.
கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்:
பக்கத்து சீட்டுக்கு அடியில் புற்று கட்டியதுபோல்
கோணல்மாணலாக ஓடுவது என் முதல் வெல்டிங்.
ஓட்டுகிற பக்கம் வருவதற்குள் பதினாலு மாதம் ஆகிவிட்டது,
அங்கே தையல் நேர்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
செவ்வாய், வியாழன் இரவுகளில் வகுப்பு,
பதினெட்டு வயசுப் பையன்களுக்கு நடுவே
ஐம்பத்திரண்டு வயசு,
பொறி விழுந்து கருகிய ஸ்வெட்டர்.

முந்தைய உரிமையாளர் டுவெய்ன்.
பதினொரு வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே வைத்து
"அடுத்த கோடையில்" என்றவர்.
சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்தின,
அவற்றின் பேரப்பிள்ளைகள் ஒயரைத் தின்றன.
வக்கீல் அறையில் வீடு அவருக்கு, நாய் அவருக்கு,
"அந்தத் துருவை நீயே வைத்துக்கொள்" என்றார்.
கையெழுத்துப் போட்டோம். பேனா நன்றாக எழுதியது.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்பீர்கள்.
இடது முழங்கால். புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள்,
என் உடம்பிலும் இனி எண் பொருந்தாது.
கிளட்ச் கொஞ்சம் கனம்.
ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடலாமே என்கிறான் தங்கை மகன் காஸிமிர்,
எல்லாம் மாற்றினாய், அதை மாற்ற என்ன?
பதில் இல்லை என்னிடம்.
மிதியை விட்டுக்கொண்டே வரும்போது
ஓரிடத்தில் வண்டி பிடித்துக்கொள்ளும்,
அந்த அரை அங்குலம் போய்விட்டால்
எனக்கு அது வெறும் ஆரஞ்சு.

சனிக்கிழமை மெர்ல் என்றொருவர் வந்தார்.
இருபத்தெட்டாயிரம் டாலர் என்றேன்.
பேரம் பேசவில்லை, அப்போதே சந்தேகம்.
டிக்கி சாவியை முதலில் இடப்பக்கம் திருப்பி
அப்புறம் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்று
நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.
தெருவின் அந்தப் பக்கம் சாம்பல்நிற டிரக்,
கண்ணாடி ஏற்றி,
வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மழையே இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.
ஷெட் தகரம் அதிர்ந்தது,
அலமாரியில் போல்ட் டப்பா நகர்ந்து நகர்ந்து
விழுந்து சிதறியது,
மெர்ல் காதைப் பொத்திக்கொண்டார்.
டிரக்கின் கண்ணாடி ஒரு சாண் இறங்கியது.
இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

ஆகவே:
டயர் புதிது. ஹீட்டர் நினைத்தால் வேலை செய்யும்.
காசோலை வேண்டாம்.
கொசுறாக அந்தப் பழைய பிஸ்டன்.
சாம்பல்நிற டிரக்குக்கும் இதே விலைதான்,
ஆனால் இறங்கி வந்து கேட்க வேண்டும்,
வைப்பரை நிறுத்திவிட்டு.