அறுபத்து நான்கு இருக்கைகள்

ஒலியை முந்தும் விமானத்தில் அறுபத்து நான்கு இருக்கை.
நிரம்புமா என்று சிங்கப்பூரிலிருந்து கேட்கிறார்கள்.
கேட்பது அவர்கள் வேலை.
நிரப்பிக் காட்டுவது என் வேலை,
கோத்தகிரிக்கு மேலே, கரண்ட் இருக்கும் நேரங்களில்.

மூன்றரை மணி நேரம் மிச்சமாகும்.
அதற்கு ஒருவர் எவ்வளவு தருவார்?
வங்கிக்காரர் மணிக்கு எழுபதாயிரம்.
அறுவை மருத்துவர் அதில் பாதி.
தேனிலவு ஜோடி ஒரே ஒரு முறை, படம் எடுத்துப் போட.
வரிசை வரிசையாக
பிறத்தியார் அவசரத்தை அடைத்துக்கொண்டு வருகிறேன்.

டிக்கெட் நாலரை லட்சம்.
பச்சைத் தேயிலை இன்றைக்குக் கிலோ இருபத்திரண்டு.
வேண்டாமென்றாலும் விரல் வகுத்துப் பார்த்துவிடுகிறது:
இருபதாயிரத்துச் சொச்சம் கிலோ,
ஒரு ஆள், ஒரு வழி.
எங்கள் இரண்டு ஏக்கரில் இரண்டு வருஷக் கொழுந்து.
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.

நிலத்துக்கு மேலே அந்த வேகம் கூடாது.
ஜன்னல் அதிரும், மாடு மிரளும், வழக்குப் போடுவார்கள்.
ஆகவே கடல் மட்டும்தான் சந்தை.
வரைபடத்தில் நீலத்தை விட்டுவிட்டு
மற்றதையெல்லாம் சாம்பல் நிறமாக்கினேன்.
நாங்களும் அதில் போனோம்.

செவ்வாய்க்கிழமை போஜன் இறந்தான்.
ஃபேக்டரியில் இலை எடை போடுகிறவன், நாற்பத்தியொன்று.
லண்டனில் லிஃப்ட் பழுது பார்க்கும் தம்பி ஹரிநாத்
போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்:
"எடுத்துடாதீங்க. வந்துடறேன்."
குளிர்பெட்டி வந்தது. மழையும் வந்தது.
கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர்கள்
பாதி வழியில் நின்றார்கள்.

காலை ஆறுக்கே கோவையில் இறங்கிவிட்டான்.
குஞ்சப்பனையில் மண் சரிந்து கிடந்தது.
கண்டம் தாண்டப் பத்துச் சொச்சம் மணி நேரம்,
அந்த மேட்டைத் தாண்ட ஐந்து.
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
சேற்றில் நடந்து,
யாரோ ஒருவரின் பிக்கப்பில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே
இரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தான்.
முகம் பார்த்தான். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

மறுநாள் ராத்திரி செல்போன் சார்ஜ் போட வந்தவன்
என் திரையைப் பார்த்தான்.
"இது எப்ப வரும்?"
வந்தாலும் உனக்கில்லை என்றேன்.
லண்டனிலிருந்து இங்கே பெரும்பாலும் நிலம்;
நீ வந்த வேகத்தில்தான் அதுவும் வரும்.
"அப்ப யாருக்கு?"
சொன்னேன். தலையாட்டிக்கொண்டான்,
வேறு எதையோ நினைத்தபடி.

அவன் போன பிறகு ஒரு வரி சேர்த்தேன்.
தரத் தயாரான தொகை: கேட்டது.
பயணம்: ஒன்று.
ஆண்டுக்கு நான்குக்குக் குறைந்தால் தேவை என்று
கணக்கில் எடுக்காது இந்த மாடல்.
வரி சிவப்பாக மாறிக் காத்திருந்தது.

ஐம்பத்தொன்று நிரம்பும் என்று எழுதி
விடியற்காலையில் அனுப்பிவிட்டேன்.
அந்த வரியை அழிக்கவில்லை, மறைத்து வைத்தேன்.
இருநூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு
இருநூற்றுப் பதின்மூன்று.
யாராவது கவனித்தால் கேட்கட்டும்.