மைலோ குடித்த நேரம்

ஊத்தான் மெலிந்தாங், சீனர் சங்க மண்டபம்.
நான்காம் சுற்று.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது,
அதுவும் எங்கள் மேசைக்கு முதுகு காட்டி.

குதிரையை வைத்துக்
கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது:
காவலுக்கு யாருமில்லை.
பாம்புக்கு முன்னால் முட்டை.

வயிற்றில் ஏதோ கழன்று விழுந்தது.
முகத்தில் விழவிடவில்லை.
நகர்வைத் தாளில் எழுதினேன்,
என் வழக்கமான கோழிக் கிறுக்கலில்.
கடிகாரத்தை அழுத்தினேன்,
ஓங்கியும் அல்ல, மெல்லவும் அல்ல.
எழுந்துபோய் ஒரு மைலோ வாங்கினேன்.

பதினான்கு வருடமாக
செம்பனை ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள்.
குலைக்கடியில் மணல் ஏற்றி வருகிறவன்
முள் அசையுமுன்பே பிடிபடுவான்.
அன்றைக்கு மட்டும் என் பிள்ளைகளை விசாரிப்பான் ஒருவன்.
ரோஸ்லான் என்றால்
லாரிக் கண்ணாடியில் தலை சீவுவான்.
சும்மா இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று
அவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

மிஸ்டர் லியோங் பலகையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
மைலோவைப் பார்த்தார்.
பத்தொன்பது நிமிடம்.
காது மடல் சிவந்துபோயிற்று.
குதிரையைத் தொடவில்லை,
ராஜாவை ஒரு கட்டம் தள்ளி ஒளித்துவைத்தார்.

இன்னும் இரண்டு நகர்வில் சமன் கேட்டேன்.
இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மீ கோரிங் ஆறிக்கொண்டிருந்தது.
மலாய் பாதி, விரல் பாதியாக விளக்கினார்:
"குதிரையை நான் தின்றால் நீ ராணியைக் கொடுப்பாய்,
யானை இறங்கும், அந்த ஓரத்துச் சிப்பாய் வரும்,
ஏழாவதில் நான் காலி.
நசிப் பாய்க், பார்த்துவிட்டேன்."

அழகாக இருந்தது.
நான் ஆடிய எந்த ஆட்டமும் அவ்வளவு அழகில்லை.
"ஆமாம்" என்றேன்.
ஏழு நகர்வும் என் பெயரில்,
ஒன்றுகூட என்னுடையதில்லை.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்,
அவர் எதிரே பார்த்த அந்தப் பெண்ணிடம்
நானாக இருந்தாலும்
குதிரையைத் தொட்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை.
மேடையில் லாரி. ரோஸ்லான்
கண்ணாடியைத் திருப்பித் தலை சீவினான்,
வகிடெடுத்து, நிதானமாக.

முழு லோடையும் இறக்கச் சொன்னேன்.
பின்னால் ஆறு லாரி ஹாரன் அடிக்க
முக்கால் மணி நேரம் இறக்கினார்கள்.

குலைகள்.
அடிவரைக்கும் குலைகள்.
ஒரு பிடி மணல் இல்லை.

எதற்குச் சீவினான் என்று
நானும் கேட்கவில்லை.
சீப்பைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
அவனும் சொல்லவில்லை.