வேஸ்ட்டுக்கு விலை இருக்கும் ஊர்

திருப்பூரில் வேஸ்ட்டுக்கு விலை உண்டு.
கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் போகும்,
வெள்ளைக்கு ஒரு ரேட், கலருக்கு ஒரு ரேட்.
ஊத்துக்குளி ரோட்டில்
மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரை நிறுத்தி
என் டப்பாவைத் திறந்து காட்டினேன்.
மோந்து பார்த்தார்.
"இதென்னுங் அம்மிணி, ரப்பரா மாவா?"
பாலிமர் க்ளே, தோடு செஞ்ச மிச்சம் என்றேன்.
"நமக்கு ஆவாதுங்" என்று
டெம்போவைக் கிளப்பிவிட்டார்.

சரி,
விலையில்லாததை நானே வைத்துக்கொள்கிறேன்.

மயில்கழுத்துப் பச்சையில்
வட்டம் வட்டமாய் வெட்டியெடுத்த பிறகு
நடுவில் நின்றுபோன கூர்க்கூரான துண்டுகள்.
பெதப்பம்பட்டிக் கல்யாணத்துக்கு அரக்கு கேட்டு
முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால்
வேண்டாமென்றவர்களின் அரக்கு.
நகக்கண்ணிலிருந்து வழித்த வெள்ளை.
கறுப்பை மட்டும் தனியே வைப்பேன்.
ஒரு மிளகளவு போதும் அதற்கு,
மொத்தத்தையும் தன் கட்சியில் சேர்த்துவிடும்.

காய்ந்து உதிர்வதற்கு
குழந்தைக்குத் தேய்க்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு,
உள்ளங்கைச் சூட்டில் பத்து நிமிஷம்.
உருட்டு, முறுக்கு, மடி, மறுபடி முறுக்கு.
நிறுத்தத் தெரிவதுதான் வித்தை.
ஒரு முறுக்கு முன்னால் நிறுத்தினால்
கோடு கோடாய், மழைக்கு முந்தின வானம்.
ஒன்று கூடிப்போனால்
அத்தனை நிறமும் சேர்ந்து
வாய்க்கால் சேறு.
ஒரு பிடி மண்கூட இல்லாத இந்தப் பொருள்
கெட்டுப்போகும்போது மட்டும்
மண் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

சேற்றையும் எறிவதில்லை.
உருட்டி உள்ளே வைத்து
மெல்லிசாய்ப் பவளச் சிவப்பைப் போர்த்தினால் மணி.
நூற்றைம்பது ரூபாய் மாலையைப் போட்டுத் திரிகிறவர்களுக்கு
நெஞ்சில் என்ன உருள்கிறதென்று தெரியாது.
பீரோவுக்கு ஒரு குமிழ்.
ஆடுகிற தையல் மெஷின் காலுக்கு ஒரு வில்லை.
மீட்டர் பெட்டியில் எது யாருடையதென்று
லைன் வீட்டில் சண்டை வராதிருக்க
ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள்.
கரண்ட் போனதில் நான்கு மட்டும் அரைவேக்காடு,
தொட்டால் உதிரும்.
நான்காம் வீடு எங்களுடையதுதான்.

மூன்றாம் வீட்டு மினதி, ஒடிசாக்காரி,
கம்பெனியில் செக்கிங்.
ஒன்றைப் போலவே ஒன்று இருக்கிறதா என்று
விளக்கடியில் நின்று பார்ப்பது அவள் பிழைப்பு.
அவள் மகன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.
"அக்கா, பட்டன் ஒண்ணு" என்று வந்து நின்றாள்.
முறுக்கின நுனியில் ஒரு வில்லை அரிந்து
காலி ரீபிள் குழாயால் நாலு துளை போட்டு
நூற்றி முப்பது டிகிரியில் அரைமணி நேரம்.
பச்சைக்குள் அரக்கு, அரக்குக்குள் ஒரு வெள்ளை நூல்.

ஞாயிற்றுக்கிழமை
சாம்பிள் மாஸ்டர் குழந்தைவேலு
மினதியிடம் சாவி வாங்க வந்தவர்
பையனைப் பிடித்து நிறுத்திவிட்டார்.
"இதேமாதிரி ஐந்நூறு வேணுங். அச்சா இதேமாதிரி.
பையர்கிட்டக் காட்டோணும்."
முடியாதுங்க.
"ஏனுங்? அச்சு இல்லீங்களா?"
எப்படிச் சொல்வது.
மறுபடி ஒரு கல்யாணம் நின்று... இல்லை,
கல்யாணம் நிற்கவில்லை, அரக்குதான் நின்றது.
அதே அரக்கு, அதே கூர்த்துண்டு,
அன்றைக்கு என் நகத்தில் இருந்த அதே அளவு வெள்ளை.
மிச்சத்தைத் திட்டம் போட்டு
எப்படி மிச்சப்படுத்துவது?

மினதி குனிந்து
பொத்தானை விரலால் திருப்பிப் பார்த்தாள்,
பழக்கதோஷம்.
"சார், இது ரிஜெக்ட் பீஸ்" என்று சொல்லி
சிரித்துக்கொண்டே
தொங்கின நூலைப் பல்லால் கடித்து
இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

அந்த நாலு துளையிலிருந்து வந்த
கடுகு மாதிரி நாலு துணுக்கு
டப்பாவில் கிடக்கிறது.
எதற்காவது ஆகும்.