பதினேழாம் குப்பி

பூஜ்யத்துக்குக் கீழே எண்பது பாகையில்
உறங்குகிறது உன் காயம், இருதயமேரி.
குப்பியின் மேல் என் கையெழுத்து:
பாம்பன், இடது கால், பதினேழு.
பெயர் எழுதக் கூடாதென்பது விதி.

மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போனவள் நீ.
காலில் கட்டிய தகரத் தட்டு வழுக்கி
பவளக்கல் கிழித்தது சுண்டுவிரலை.
குந்துகால் கரையில் உட்கார்ந்து
பஞ்சுக்குச்சியை நான் தொட்டெடுத்தபோது
'வலிக்கல, சர்க்கரை இருக்குல்ல' என்றாய்.
வலிக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மண்டபத்தில் எங்கள் ஆய்வறை
ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
அங்கே நான் காய்ச்சி இறக்கிய துகள்களுக்குத்
துருவின் நிறம்.
ஒரு மணல்மணியின் குறுக்கே வரிசையாய் நிறுத்தினால்
இருபத்தைந்தாயிரம் நிற்கும்.
நொதியைப் போல் வேலை செய்யும், நொதி அல்ல.

உண்மை நொதி மூன்று மாதச் சம்பளம்.
கத்திரி வெயிலில் கரண்ட் போன ஓர் இரவில்
டப்பாவோடு செத்துப்போனது.
துருவுக்குச் சாகத் தெரியாது.

நீ கேட்டாய்: 'கிருமியை மட்டும் எப்படி அது கண்டுபிடிக்கும்?'
கண்டுபிடிக்காது, மேரி. அதற்குக் கண்ணில்லை.
கிருமிகள் கூட்டமாய்ச் சளிப்போர்வை போர்த்திய இடம்
புளிக்கும்.
காயத்தில் ஊற்றினால் பொங்குமே, மருந்துக்கடை நுரைத்தண்ணீர்,
அதில் துளிக்கும் குறைவாய் இருந்தால் போதும்,
புளிப்பில் துகள் அதை நெருப்பாய்ப் பிளக்கும்.
புளிப்பில்லாத உன் நல்ல தசையருகே
அதே துகள், அதே நுரைத்தண்ணீரை
வெறும் நீராய், மூச்சுக்காற்றாய்ப் பிரித்துவிட்டுச்
சும்மா கிடக்கும்.

பாசி மூட்டையை இறுக்கிக் கட்டியபடி சொன்னாய்:
'பாலத்துக்கு இந்தப் பக்கம் பெண்கடல்,
அந்தப் பக்கம் ஆண்கடல்.
தண்ணி ஒண்ணுதானே.'

நான் நாற்பது பக்கத்தில் எழுதியது.

'அப்ப அதுல கொஞ்சம் போட்டுவிடு.'

முதலில் தட்டு. பிறகு எலி.
பிறகு கையெழுத்திடும் குழு, பிறகு வருடங்கள்.
இதையெல்லாம் சொல்லும்போது
என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீ என்னைப் பார்க்கவில்லை.
வெள்ளம் வற்றும் நேரத்தைப் பார்த்தாய்.

வியாழக்கிழமை காலை தட்டுகளைத் திறந்தேன்.
துகள் போடாததில் எண்ணி மாளாத வெண்புள்ளிகள்.
துகள் போட்டதில் மூன்று.
பக்கத்துக் குடுவையில் மனிதத் தோலின் செல்கள்
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு
ஒட்டிப்பிடித்து உயிரோடு.
கத்தினேன். கீழே ஐஸ் உடைப்பவர்
சம்மட்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

அதே வியாழன், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
உன் சுண்டுவிரலை எடுத்தார்கள்.
எனக்குத் தெரிய ஒன்பது நாளானது.

உடம்புக்குள் போனால்
உனக்கு உதவும் நல்ல கிருமிகளை என்ன செய்யும்?
புளிப்பு இரைப்பையிலும் உண்டே, அங்கே?
'தெரியாது' என்று அறிக்கையில் எழுதினேன்.
வழிகாட்டி அதை அடித்துவிட்டு
'மேலும் ஆய்வு தேவை' என்று திருத்தினார்.

மாதம் ஒருமுறை பதினேழை எழுப்புகிறேன்.
கைச்சூட்டில் உருக்கி, சத்துக்கஞ்சி ஊட்டி,
பெருகவிட்டு, கொல்கிறேன்.
மிச்சத்தை மறுபடி உறங்க வைக்கிறேன்.
விரல் மண்ணுக்குள்.
அதைத் தின்றது என்னிடம் பத்திரம்.

நேற்று குந்துகாலில் உன்னைப் பார்த்தேன்.
தகரத் தட்டை நான்கு விரலுக்கு வளைத்து அடித்திருந்தாய்.
'என் கிருமி நல்லாருக்கா?' என்று
கழுத்தளவு தண்ணீரிலிருந்து கேட்டாய்.
பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், பதில் சொல்லவில்லை.

சாகாமல் நின்ற அந்த மூன்று புள்ளிகளை
தனியே எடுத்து வளர்த்திருக்கிறேன்.
இன்றைக்கு அதே துகளை, அதே அளவில் போட்டேன்.
தட்டு நிறைய வெள்ளை.

புதுக் குப்பி, புது ஒட்டுத்தாள்:
பாம்பன், இடது கால்,
பதினேழு-அ.