கொருக்குப்பேட்டை, பத்து மீட்டர்

அரிசி குடோன் மாடியில்
கறுப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி,
கடுகைவிடச் சிறிசு.

கூட்ஸ் வந்தால் கட்டடம் அதிரும்.
முதல் மாதம் ரயிலைத் திட்டினேன்.
அப்புறம் பெட்டிகளை எண்ணினேன்.
இப்போது அது போகிறது, அவ்வளவுதான்.

மூச்சை நிறுத்தினால்
நாடி கேட்கிறது.
நாடிக்குப் பின்னால் வீட்டு ஓனரின் செருப்புச் சத்தம்,
தண்ணி லாரி, கெமிஸ்ட்ரி அரியர்,
இரண்டு நீல டிக், பதில் இல்லை.
இவர்களுக்கெல்லாம்
தண்டவாளம் எங்கே போட?

இன்று விரல் பாதி அழுத்தியபின்
குழல் முனை ஒரு மயிரிழை நகர்ந்தது.
சுட்டிருந்தால் ஒன்பது.
இறக்கி மேசையில் வைத்துவிட்டேன்.

ஸ்கோர் எழுதும் ரெஜினா நிமிர்ந்தாள்:
"இன்னா, சுடலியா?"

நேரம் முடிந்தது.
கடைசித் தாளில் ஓட்டையே இல்லை.
நாலாக மடித்து
பஸ் பாஸோடு வைத்துக்கொண்டேன்.