அடகுப் பிரிவு

டொக்டர் தாளில் இரண்டு கோடு கீறினார்.
உங்கட முட்டை என்றால் நூற்றுக்கு நாலு.
வேறொருத்தியின்ர என்றால் நாற்பது.
பிறகு பேனையை மூடிவிட்டார்.

நாற்பத்திமூன்று எனக்கு.
கஸ்தூரியார் வீதி வங்கியில்
ஊராரின் தாலிக்கொடிகளை
மில்லிகிராம் பிசகாமல் நிறுக்கிறவள்.
இதை எந்தத் தட்டில் வைக்க?

தருகிறவளுக்கு இருபத்தாறு வயதாம்.
என் இருபத்தாறு
செட்டிகுளத்தில் தண்ணி வரிசையில் நின்றது,
வாளியோடு.
அதைத்தான் இப்போது
யாரோ ஒருத்தியிடம் கடன் கேட்கிறேனா?

குகதாசன் மோட்டார்சைக்கிளை உதைத்தபடி
"உமக்கு எது சரியோ" என்றார்.
எரிச்சலாய் வந்தது.
ஹெல்மெட்டை அழுத்திப் போட்டுக்கொண்டேன்.

இன்று ஒருத்தி தவணை முடிந்தபின் வந்தாள்.
ஏலத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கக்கா, என்றேன்.
அவள் பையைத் திறந்து
சில்லறையிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.