நான் சொல்லாமல் விட்ட வசனம்

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டதன்
இரண்டாம் வருசம்
ஏ-ஒன்பதால் மினிபஸ்ஸில் வந்திறங்கினார்
தியூனிஸ் பிறிட்ஸ்.
முகமாலையில் மூன்று மணித்தியாலம் காத்துநின்ற புழுதி
வெள்ளைத் தாடியில் அப்படியே கிடந்தது.

தென்னாபிரிக்க நாடகக்காரர், அறுபத்தாறு வயது.
குருநகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்,
பத்து நாள் பட்டறை.
அவருக்கு ஆங்கிலம், எனக்குத் தமிழ்.
நாளுக்கு எழுநூறு ரூபாயும் மத்தியானச் சாப்பாடும்.

முதல் நாள் இடைவேளையில்
கக்கூசு எந்தப் பக்கம் என்று யூட் யாரையோ கேட்க
மனுசன் துள்ளித் திரும்பினார்:
அது என்னுடைய சொல்!
பிறகு பார்த்தால் கந்தோரும் அவருடையது.
உலாந்தாக்காரன் கப்பலில் வந்து
அவர்களுக்கு ஒரு மொழியையே விட்டுப் போனான்,
எங்களுக்கு ஒரு கந்தோர், ஒரு கக்கூசு.
“ஆளுறதுக்கு இது ரெண்டும் காணும்தானே”
என்றாள் தையல்காரி மரியறோசா.
அதை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.
மேசையிலிருந்த பிளேன்ரீ தளும்பச் சிரித்தார்.

தன் வாழ்க்கையை அவர் வரிசையாகச் சொல்லவில்லை.
மேடையில் கதிரை தூக்கும் விதம் காட்டும்போது
தகப்பன் வந்தார்:
தேவாலயப் போதகர்,
மகனுடைய ஒரு நாடகமும் பார்க்காதவர்,
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
முன்வரிசைக் கதிரை ஒன்றுக்குக் காசு அனுப்பியவர்.
மூச்சுப் பயிற்சிக்கு நடுவே முதல் நாடகம் வந்தது:
மழை பொய்த்த ஊர், ஆட்டுரோமக் களஞ்சியம்,
பார்க்க வந்தவர்கள் பத்தொன்பது பேர், ஒரு நாய்.
மூன்றாவது நாடகத்துக்குத் தடை.
உத்தரவில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லையாம்.
அம்மா என்னை நித்திரையாக்கிய மொழியில்
அவ்வளவு வடிவாக எழுதியிருந்தார்கள், என்றார்.

இன்னொரு நாள், குரல் தாழ்த்தி:
ஒத்திகைக்கு வரும் வழியில் பிடிபட்ட நடிகன் ஒருவன்.
அந்தப் பாத்திரத்தை வேறு ஆருக்கும் கொடுக்கவில்லை.
அவனுடைய வசனம் வரும் இடமெல்லாம்
மற்றவர்கள் பேசாமல் காத்துநின்றார்கள்.
நாடகம் நாற்பது நிமிசம் நீண்டது.

ஏழாம் நாள்
கடைசி வாங்கில் ஒரு பொடியன்,
மடியில் கொப்பி, கையில் பேனை.
ஆர் கூப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஆர் அனுப்பியது என்றும்.

யூட் எழும்பிக் கேட்டான்:
“எதிரியின்ர மொழியில எப்பிடி ஐயா எழுதினனீங்கள்?”

பிறிட்ஸ் நெடுநேரம் பேசினார்.
நான் சொன்னேன்:
“தாய்மொழியில எழுதுறதுதான் எப்பவும் நல்லதாம்.”
பேனை அதைக் குறித்துக்கொண்டது.

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனுசன்.
ஆனால் வசனத்தின் நீளம் தெரிந்தவர்.
என்னைப் பார்த்தார், கடைசி வாங்கைப் பார்த்தார்,
சரி, எல்லோரும் எழும்புங்கள், நடப்போம், என்றார்.
போகும்வரை அதைப்பற்றிக் கேட்கவேயில்லை.

இப்போது அவர் இல்லை,
அந்தக் கொப்பி எந்தப் பங்கரில் உக்கியதோ தெரியாது.
எனக்கும் தலை நரைத்துவிட்டது.
எழுநூறு ரூபாய்க்குரிய வேலையை
இன்றைக்குத்தான் முடிக்கிறேன். அவர் சொன்னது இது:

எதிரியின் மொழி இல்லை, தம்பி, என்னுடைய மொழி.
சுடு என்று கட்டளை பிறந்ததும் அதில்தான்.
உன்னுடைய மொழியிலும் அந்தச் சொல் இருக்கும்.
அதை அடுத்தவனுடைய மொழியில் மட்டும் கேட்கிறவன்
நாடகம் எழுதவில்லை,
ஊர்வலத்துக்கு மேளம் அடிக்கிறான்.

யூட், இதுதான் உன் கேள்விக்குப் பதில்.

நீ திருப்பி ஏதாவது கேட்டிருப்பாய்.
அந்த இடத்தில்
ஒன்றும் பேசாமல்
கொஞ்சம் நிற்கிறேன்.